மலை ஏறி இறங்கும் ரேகை

செவ்வந்தியின் கையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால், உள்ளங்கையால் மேல்நோக்கி ஒருமுறையும் கீழ்நோக்கி ஒருமுறையும் தடவிவிட்டு, "இது அடி, இது நுனி" என்று சொல்லிவிடுவாள். மரம் மண்ணில் நின்றபோது எந்த முனை வேர்ப்பக்கம் இருந்தது, எந்த முனை கிளைப்பக்கம் இருந்தது என்பதைத்தான் அப்படிச் சொல்வாள். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மர நார் ஒரு திசையில் தடவினால் படியும், எதிர்த்திசையில் தடவினால் லேசாக உறுத்தும். அந்த உறுத்தலைப் பதினைந்து வருடம் தினமும் தொட்ட கை அது. பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். பத்தாவது முறை, "இது குறுக்கு வெட்டு, இதுல யாரும் சொல்ல முடியாது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள்.

கள்ளக்குறிச்சியில் அரங்கநாதனின் மரச்சிற்பப் பட்டறையில் அவளுக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை. ஆசாரிகள் செதுக்கி முடித்த சிலையைப் பெண்கள் உட்கார்ந்து தேய்ப்பார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. சிலையின் பாதம் மரத்தின் அடிப்பக்கத்தில் வர வேண்டும், தலை நுனிப்பக்கத்தில். மாற்றிச் செய்தால் சாமியைத் தலைகீழாக நிற்கவைத்ததாகும். அதனால் பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் சாக்பீஸால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். பொட்டு அழிந்துபோன கட்டை வந்தால், "செவ்வந்தியக் கூப்புடு" என்பார் அரங்கநாதன்.

அவள் உட்காரும் முக்காலியும் அவளுடையதுதான். பட்டறை முக்காலிகள் உயரம் என்று, வேங்கைக் கட்டையில் தனக்குத் தோதாக அவளே அறுத்துப் பொருத்திக்கொண்டது. சங்கராபுரம் பக்கத்தில் கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்து, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அவள் தன் கையால் செய்த முதல் பொருள் அந்த முக்காலி.

கணவன் அன்புச்செல்வனுக்கு மைக்செட் தொழில். திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதற்கும் போவான். பெட்டி பெட்டியாகக் கறுப்பு ஸ்பீக்கர்களை அடுக்கி, தெருவே அதிரவைப்பான். ஆனால் அவனுக்குள் வேறொரு ஆசை இருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கிற மாதிரி, அமைதியான ஒரு ஜோடி செய்ய வேண்டும். பெட்டிக்குள் எத்தனை கன அளவு காற்று இருக்க வேண்டும், பின்னால் துளை எவ்வளவு நீளம் வேண்டும், உள்ளே எவ்வளவு இலவம்பஞ்சு திணிக்க வேண்டும் என்று மூன்று வருடம் செய்தும் பிரித்தும் பார்த்தே கற்றுக்கொண்டான். கடைசியில் ஒரு ஜோடி சரியாகப் பேசியது. அதற்கு மேலே பச்சை மைக்கா ஷீட் ஒட்டிக் கூடத்தில் வைத்தான்.

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"கேக்க நல்லாத்தான்யா இருக்குது. பாக்கத்தான் ரேசன் கடை பீரோ மாதிரி இருக்குது."

"அப்ப நீ ஒட்டு."

"ஒட்டறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மரத்தைத் தாள்போல மெல்லிசாகச் சீவி எடுத்த தகட்டுக்குக் கடைகளில் வினீர் என்று பெயர். பிளைவுட் பெட்டியின் மேல் அதை ஒட்டினால் பெட்டியே அந்த மரத்தில் கடைந்தது போலத் தெரியும். செவ்வந்தி பிளைவுட் கடையில் தேக்கு வினீர் துண்டுகளை வாங்கிவந்து பழைய பலகைகளில் ஒட்டிப் பார்த்தாள். முதல் பலகை அப்பளம் போலக் கொப்புளித்தது. கொப்புளத்தை அமுக்க இஸ்திரிப்பெட்டியைச் சுடவைத்து அழுத்தினால், வெள்ளைப் பசை இளகி, நன்றாக ஒட்டியிருந்த இடமும் சேர்ந்து எழும்பியது. "சரி, சூடு காட்டினா பசை விட்டுக்குடுக்கும்" என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். பதினெட்டாவது பலகையில் விரல் நகத்தால் தேடினாலும் ஒட்டு தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பட்டறைக்குப் போய், வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னாள். அரங்கநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்பீக்கர் பொட்டிக்குத் தாள் ஒட்டப் போறியா?"

"தாள் இல்லீங்க, மரம்."

"இருக்கட்டும். உன் முக்காலி இங்கயே கெடக்கட்டும். ஆடி பொறக்கற வரைக்கும் வேற ஆள் போட மாட்டேன். சரிப்பட்டு வரலன்னா கூச்சப்படாம வா."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த முக்காலி அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. திரும்பிப் போய் அதில் உட்கார்ந்தால் பட்டறையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லாரும் நகர்ந்து இடம்தான் விடுவார்கள். அதை நினைக்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆடிக்குள் ஒரு ஜோடி, வெளி ஆள் ஒருவர் தேடிவந்து கேட்ட ஜோடி, அந்த ஆள் கண்ணுக்கு முன்னால் தேறிவிட வேண்டும். தேறினால் இதுதான் தன் வேலை. தேறாவிட்டால் முக்காலி. இதை அன்புச்செல்வனிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் போகிற இடத்திலெல்லாம் ஸ்பீக்கர் கதை பேசினான்.

வைகாசிக் கடைசியில் காசிநாதன் வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் வண்டியை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். இரவில் வண்டி மேலே வெள்ளிமலையில்தான் நிற்கும். அங்கேயே படுத்து எழுந்து அந்தக் குளிர் பழகிப்போனதால், வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு வீடு கட்டிக்கொண்டார். தோளில் ஒரு அட்டைக் குழாயைத் துப்பாக்கி போலச் சாய்த்துக்கொண்டு அவர்கள் வீட்டையொட்டிய வேலைக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"இங்க ஸ்பீக்கர் செய்யறது யாருப்பா?"

"நான்தாண்ணே," என்றான் அன்புச்செல்வன். "சத்தம் என்னுது. மேல ஒட்டற மரம் அவளுது."

"அப்ப நான் பேச வேண்டியது அந்தம்மாகிட்ட," என்று அவர் அவனைத் தாண்டிப் போய்விட்டார்.

குழாய்க்குள் சுருட்டி வைத்த ஆறு வினீர் தாள்கள் இருந்தன. அமெரிக்காவில் நாற்காலி மேசை செய்யும் ஆலையில் வேலை பார்க்கும் அவருடைய மகள் தனுஷா விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தது. வால்நட் மரம். ஒவ்வொன்றும் ஏழு அடி நீளம், பதின்மூன்றரை அங்குல அகலம். செவ்வந்தி ஒன்றை விரித்தாள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அதன்மேல் கறுப்புக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடின. ஆறும் ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் சீவியவை. ஒன்றில் உள்ள நெளிவு அடுத்ததிலும் அதே இடத்தில் இருந்தது. இரண்டைப் புத்தகம் விரிப்பது போல விரித்துவைத்தால் கண்ணாடிக்குள் பார்ப்பது போல இடமும் வலமும் பொருந்தின.

"இன்னா டிசைன்ல வேணும்ணே?"

"டிசைனெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒரே ரோடு." காசிநாதன் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். "தோ, இந்தக் கோடு இருக்குது பாரு. இது பொட்டியோட வெளிப்பக்கம் கீழ இருந்து கெளம்பணும். வளைஞ்சி வளைஞ்சி மேல ஏறணும். உச்சியில கொஞ்ச தூரம் சமமா ஓடணும். அப்புறம் அந்தப் பக்கமா எறங்கணும். நடுவுல எங்கயும் ரோடு அறுந்துபோவக் கூடாது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றாள் செவ்வந்தி.

"கஷ்டமா?"

"கஷ்டந்தான். ஆனா நல்லா இருக்கும்."

அன்புச்செல்வன் எட்டிப் பார்த்தான். "பாட்டு இன்னாண்ணே கேப்பீங்க? அதுக்கேத்த மாதிரி செய்யணும்."

"அத்த அங்க வந்து பாரு. சத்தம் ஜாஸ்தி வேணாம். ஆனா கம்மியா ஒரு சத்தம் இருந்தாலும் காதுல விழணும். ஆனி கடைசி ஞாயித்துக்கெழம கொண்டாந்துடு. மறுநாளு பொண்ணு ஊருக்குக் கெளம்புது. அது இருக்கும்போதே கேக்கணும்."

அன்புச்செல்வன் பெட்டிகளைச் செய்தான். முப்பத்துநாலு அங்குல உயரம், ஒன்பது அங்குல அகலம், ஒரு அடி ஆழம். செவ்வந்தி கணக்குப் போட்டாள். ஒரு பக்கம் ஏறி, மேலே ஓடி, மறுபக்கம் இறங்க எழுபத்தேழு அங்குலம் வேண்டும். தாளின் நீளம் எண்பத்துநாலு. ஒரு தாள் ஒரு பெட்டியை முழுக்கச் சுற்றிவரும், ஏழு அங்குலம் மிஞ்சும். முதல் தாள் இடது பெட்டிக்கு, இரண்டாவது வலது பெட்டிக்கு. மூலையில் மடித்தால் வினீர் உடையும். ஆகவே ஒவ்வொரு தாளையும் கூரிய கத்தியால் மூன்றாக வெட்ட வேண்டும்: ஏறும் துண்டு, மேல் துண்டு, இறங்கும் துண்டு. மூலையில் ரேகை ரேகையோடு மயிரிழை பிசகாமல் சேர வேண்டும்.

கடைசி வாரத்தின் செவ்வாய்க்கிழமை இடது பெட்டிக்கு ஒட்டினாள். அன்புச்செல்வன் எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போயிருந்தான். ஏறும் துண்டு நன்றாக உட்கார்ந்தது. மேல் துண்டும் உட்கார்ந்தது. மூன்றாவது துண்டை எடுத்து, தூசி போக உள்ளங்கையால் ஒருமுறை தடவி, பசை தடவிய பலகையின்மேல் வைத்தாள். மேலே காகிதம், அதன்மேல் பலகை, சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு. முடுக்கிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். பாட்டுகூட முணுமுணுத்தாள்.

புதன்கிழமை காலை கிளாம்புகளைக் கழற்றினாள். அன்புச்செல்வன் டீ கிளாசோடு வந்தபோது, அவள் பெட்டியைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தாள்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"திருப்பி ஒட்டிட்டேன்."

"எத்த?"

"எறங்கற துண்ட. அடிய கீழ வச்சி ஒட்டிட்டேன்."

அவன் குனிந்து பார்த்தான். வெளிப்பக்கம் ரேகை அழகாக ஏறியது. உச்சியில் ஓடியது. மூலைக்கு வந்ததும் நின்றது. அந்தப் பக்கம் வேறு ஏதோ ரேகை வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தது.

"அடி கீழதான இருக்கணும்? பதினஞ்சி வருசமா என்கிட்ட அதத்தான சொல்லிக்கினு இருந்த?"

"அது சாமிக்குய்யா! இது சாமியா? ரோடு! இந்தப் பக்கம் ஏறினா அந்தப் பக்கம் நுனிதான் கீழ வரும். தலகீழாத்தான் நிக்கணும்." அவள் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "தூசி தட்டறேன்னு தடவினேன். கை அடிய கண்டுபுடிச்சிருக்குது. என்னக் கேக்காமயே திருப்பி வச்சிருக்குது."

அன்புச்செல்வன் டீயை ஒரு மடக்குக் குடித்தான்.

"செவ்வந்தி, நான் ஒண்ணு சொல்லட்டா? அது உள்பக்கம். ரெண்டு பொட்டிக்கும் நடுவுல டீவி இருக்கும். யாரு எட்டிப் பாக்கப் போறா?"

"டிரைவர் பாப்பாரு."

"எப்டி சொல்ற?"

"இருபத்தாறு வருசம் முன்னாடியும் பாத்துக்கினு பக்கத்துக் கண்ணாடியும் பாத்தவரு. அவரு பாக்காம இருப்பாரா?"

வேறு தாளில் செய்யலாம் என்றால் வழியில்லை. மூன்றாவது தாள் குழாயில் வந்தபோதே இரண்டு முழ நீளத்துக்குக் கீறிப்போயிருந்தது. நாலாவதில் ஒரு கணு விழுந்திருந்தது. அந்த இடத்தில் ரேகையே வேறு மாதிரி திரும்பியது. ஐந்தும் ஆறும் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வெட்டியாகிவிட்டது. முதல் தாளுக்கு ஜோடி இரண்டாவது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

"கழட்டறேன்," என்றாள்.

"முப்பத்துநாலு அங்குலத்தையா? மரத்தத் தாளாட்டம் சீவியிருக்கான், கிழிஞ்சி வந்தா?"

"கிழிஞ்சா அப்புறம் அழுவறேன். இப்ப இஸ்திரிப்பொட்டிய எடு. அப்டியே தோசைத்திருப்பியும் கொண்டா."

"தோசைத்திருப்பியா?"

"புதுசு. உங்கம்மா தீவாளிக்குக் குடுத்தது. அதுதான் மெல்லிசா இருக்கும்."

அன்புச்செல்வன் தோசைத்திருப்பியின் விளிம்பை அரத்தில் தேய்த்து, உப்புத்தாளில் வழவழப்பாக்கிக் கொடுத்தான். அவள் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்து, மனதுக்குள் இருபது எண்ணினாள். ஆவி கிளம்பியது. மூலையில் திருப்பியை நுழைத்தாள். பசை முனகியது போல ஒரு சத்தம் கேட்டது. விரற்கடை அளவு எழும்பியது.

"வருது, வருது," என்றான் அவன்.

"கத்தாத. தோசை இல்ல இது."

ஒரு விரற்கடை, இருபது எண்ணிக்கை. மறுபடி ஒரு விரற்கடை. அவள் இஸ்திரிப்பெட்டியை நகர்த்த, அவன் திருப்பியைத் தள்ளினான். பாதி வந்ததும் ஆள் மாற்றிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கொளஞ்சியம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா அன்பு, மரத்துல தோசை ஊத்தறீங்களா?" என்று கேட்டாள். "முறுகலா வருது, உனக்கு ஒண்ணு வேணுமா?" என்றான் அவன். செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை ஆடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குத் தகடு முழுசாகக் கையில் வந்தது. கீழே, கறுப்புக் கோடு ஓடும் இடத்தில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு பலகையோடு நின்றுவிட்டது.

ஈரம் பட்ட வினீர் விரிந்திருந்தது. பின்பக்கத்துப் பசையைச் சுரண்டி, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, அன்புச்செல்வனின் பழைய ஹாரன் ஸ்பீக்கர் காந்தங்களை மேலே அடுக்கினாள். காலையும் மாலையும் காகிதம் மாற்றினாள். அதற்குள் வலது பெட்டியை ஒட்டி முடித்தாள். அதில் இறங்கும் துண்டை வைக்கும்போது கையைத் தடவவிடவே இல்லை. அன்புச்செல்வனை ஊதச் சொல்லித் தூசி தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை தகடு காய்ந்திருந்தது. அளந்து பார்த்தாள். அகலத்தில் ஒரு நூல் சுருங்கியிருந்தது. ஓரத்தில் விட்டுவைத்த கூடுதல் அதற்குப் போதும். ஆனால் ரேகைகள் எல்லாம் ஒன்றாகச் சேராது. நடுவில் ஓடும் தடித்த கறுப்புக் கோட்டை மட்டும் சரியாகச் சேர்த்து, மற்றதை இரண்டு பக்கமும் சமமாக விட்டுக்கொடுத்து ஒட்டினாள். கிழிந்த இடத்துக்கு, மிஞ்சிய ஏழு அங்குலத்திலிருந்து அதே நிறம், அதே ஓட்டம் உள்ள இடத்தைத் தேடி, இரண்டு முனையும் கூர்மையாக ஓடம் போல வெட்டிப் பதித்தாள். பட்டறையில் சிலை வெடித்தால் மரத்தூளைக் குழைத்து அடைக்க அரங்கநாதன் விடமாட்டார். அதே கட்டையில் சீவல் எடுத்துத்தான் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே உதவியது. சனிக்கிழமை துணிப்பந்தை அரக்கு பாலிஷில் தொட்டுத் தொட்டு ஏழு முறை தேய்த்தாள். மாலை வெயில் பட்டபோது வால்நட் தேன் போல ஆழமாகத் தெரிந்தது. அன்புச்செல்வன் இரண்டு பெட்டிகளையும் நாலு முறை சுற்றிவந்தான். அவள் ஓடத்தை எங்கே வைத்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டியில் பழைய மெத்தை விரித்துப் பெட்டிகளைப் படுக்கவைத்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் செவ்வந்தி இரண்டு பெட்டியையும் இரண்டு கையால் அணைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சாலை எங்கே திரும்புகிறது, எங்கே நிமிர்கிறது என்று அன்றைக்குத்தான் அவள் கவனித்துப் பார்த்தாள்.

காசிநாதன் வாசலிலேயே காத்திருந்தார். பக்கத்தில் தனுஷா. பெட்டிகளைக் கூடத்தில் நிறுத்தியதும், வண்டி எடுக்கும்முன் பஸ்ஸைச் சுற்றிவருவது போல ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு இடது பெட்டியின் வெளிப்பக்கம் உட்கார்ந்து, கறுப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். விரல் வளைந்து வளைந்து ஏறியது. உச்சியில் ஓடியது. மூலையைத் தாண்டியது. அந்தப் பக்கம் இறங்கியது. கீழே வந்து, தரைக்கு நாலு விரல் மேலே நின்றது.

"இங்க இன்னாம்மா?"

செவ்வந்தி மறைக்கவில்லை. "ஒட்டுண்ணே. எறங்கற துண்ட திருப்பி ஒட்டிட்டேன். சிலைக்கு அடி கீழ வச்சே பழக்கம். கை தானா திருப்பிடுச்சி. கழட்டி மறுபடி ஒட்டினேன். கீழ மட்டும் கொஞ்சம் கிழிஞ்சி போச்சி. அதே தாள்ல வெட்டி வச்சிருக்கேன். ரோடு அறுந்துபோவல. ஆனா ஒட்டு இருக்குது."

காசிநாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ஏன்கா, அப்பா கூட பஸ்ல ஏறினா எனக்கு மானமே போவுது," என்றாள் தனுஷா. "மூணாவது சீட்ல ஒக்காந்துக்கினு ஒவ்வொரு வளைவுக்கும் காலால தரைய மிதிக்கிறாரு. போன வாரம் கண்டக்டர் வந்து, 'இன்னாங்க, கால் மரத்துப்போச்சா'ன்னு கேக்கறாரு."

"பிரேக்கு எங்க இருக்குதோ அங்கதான கால் போவும்," என்றார் காசிநாதன். "ரெண்டு வருசமாச்சி வண்டிய வுட்டு. மூளைக்குத் தெரியும். காலுக்கு யாரு சொல்றது?" மறுபடி அந்த ஓடத்தின்மேல் விரலை வைத்தார். "ஏம்மா, மழை பேஞ்சா வருசா வருசம் இந்த மலை ரோட்டுல ஒட்டு போடறாங்க. ஒட்டு இல்லாத ரோட்டுல நான் என்னிக்கு ஓட்டினேன்? இதுல என் வெரலு ஏறுது, எறங்குது. எங்கயும் தூக்கிப் போடல. நல்ல ரோடும்மா."

செவ்வந்தி சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒரு கொறை இருக்குது," என்றார் காசிநாதன். "பஸ்ஸுக்கு பாடி கட்டினவங்க கதவு மேல ஒரு தகட்டுல அவுங்க பேரப் போட்டிருப்பாங்க. இதுல உன் பேரு எங்க?"

தனுஷா பென்சில் கொண்டுவந்தாள். செவ்வந்தி இரண்டு பெட்டியின் பின்பக்கத்திலும் தன் பெயரைச் சின்னதாக எழுதினாள். "என் பேரு?" என்றான் அன்புச்செல்வன். "உன்னுது உள்ள இருக்குது, பஞ்சுக்குள்ள," என்றாள்.

ஒயர்களை மாட்டியதும் காசிநாதன் தன் செல்போனைக் கொடுத்தார். "பாட்டு இல்லப்பா. நான் கடைசியா ஓட்டின நாளு, கண்டக்டர் என் போன எஞ்சின் பக்கத்துல வச்சி மொத்த டிரிப்பையும் பதிவு பண்ணிக் குடுத்தாரு. போன்ல கேட்டா கொசு கத்தற மாதிரி இருக்குது. எனக்கு என் வண்டி கேக்கணும்."

அன்புச்செல்வன் மெதுவாக ஒலியைக் கூட்டினான்.

முதலில் விசில். பிறகு எஞ்சின் செருமிக்கொண்டு எழுந்தது. கியர் விழும் சத்தம் கூடத்தின் தரையில் கேட்டது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. யாரோ வெற்றிலை இடித்தார்கள். வலது பெட்டிக்கும் இடது பெட்டிக்கும் நடுவே, காற்றில், ஒரு பஸ் ஏறியது. முதல் வளைவில் ஹாரன். நீளமாக, இரண்டு முறை. காசிநாதனின் வலது கால் தரையை அழுத்தியது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

அந்த ஹாரன் வீட்டைத் தாண்டித் தெருவுக்கும் போயிருந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! வந்துட்டேன்!"

தலையில் புளி மூட்டையோடு ஆயம்மாள் ஓடிவந்தாள். பக்கத்துச் சந்தில் வீடு. வாரத்தில் இரண்டு நாள் இறங்கிக் கீழே சந்தைக்குப் போகிறவள். வாசலுக்கு வந்து இடமும் வலமும் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது.

"பஸ்சு எங்க டிரைவரே?"

"இதுக்குள்ள," என்று காசிநாதன் பெட்டியைக் காட்டினார்.

ஆயம்மாள் மூட்டையை இறக்கினாள். "அடப்பாவி மனுசா! முட்டி தேய ஓடியாந்தேன். இதுக்கும் டிக்கெட் வாங்கணுமா?"

அதற்குள் பெட்டிக்குள் ஒரு சண்டை ஆரம்பமானது. கண்டக்டரின் குரல், "கூடைக்குள்ள இன்னா? கோழியா? கோழிக்கு டிக்கெட்டு எடு." அதற்கு ஒரு பெண் குரல், "கோழி ஒக்காந்தா வருது? நின்னுக்கினுதான வருது! அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

ஆயம்மாள் கையைக் கன்னத்தில் வைத்தாள். "ஐயையோ, அது நானு! அது என் கோழி!"

கோழியும் கத்தியது. இறக்கை அடித்துக்கொள்ளும் படபடப்புகூடத் தனியாகக் கேட்டது. அன்புச்செல்வன் செவ்வந்தியின் தோளைத் தட்டி, "கேட்டியா? ரெக்கை! ரெக்கை!" என்று குதித்தான். கூடமே சிரித்தது. தனுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி வேண்டும், தாளை அடுத்த மாதமே அனுப்புகிறேன் என்றாள். "எனக்கும் ஏறி எறங்கணும்கா."

சிரிப்பு ஓய்ந்ததும் ஆயம்மாள் பெட்டியின் அருகே போனாள். காட்டு மரங்களோடு வளர்ந்தவள். வால்நட்டை மோந்து பார்த்து, "இது நம்ம மலை மரம் இல்ல," என்றாள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தடவினாள். பிறகு செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்தப் பக்கம் மரம் தலகீழால்ல நிக்குது?"

"ஆமாக்கா," என்றாள் செவ்வந்தி. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "இந்தப் பக்கம் எறங்குது."

ஆடிக்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலையிலேயே அவள் அரங்கநாதனின் பட்டறைக்குப் போனாள். தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"வந்துட்டியா?" என்றார் அரங்கநாதன்.

"முக்காலிய எடுத்துக்கினு போலாம்னு வந்தேங்க."

அவர் முகம் மலர்ந்து, "எடுத்துக்கினு போ, எடுத்துக்கினு போ. கால்ல இடறிக்கினே கெடந்துது," என்றார். அவள் முக்காலியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டப் போனாள்.

"செவ்வந்தி, இரு! இந்தக் கட்டையில பொட்டு அழிஞ்சிபோச்சி. அடி எதுன்னு சொல்லிட்டுப் போ."

அவள் முக்காலியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையால் மட்டும் தடவினாள், மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. சாக்பீஸை வாங்கி ஒரு முனையில் பொட்டு வைத்தாள். வெளியே வண்டியை உதைத்துக்கொண்டிருந்த அன்புச்செல்வன் ஹாரன் அடித்தான். நீளமாக, இரண்டு முறை.